மூச்சும் இரத்தமும் சந்திக்கும் இடம்

 

“நாலு சின்னத் துளைதானே டாக்டரம்மா போடப் போறாங்க? அதுக்கு ஏன் இத்தனை விசாரணை?”

கோவில்பட்டி வட்டாரத்தில் மயக்க மருந்து மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலையில் தவறாமல் காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். உடன் வந்த கணவரோ மாமியாரோ மூத்த மகனோதான். அவர்கள் மீது குற்றம் சொல்வதற்கில்லை. பித்தப்பைக் கல்லுக்காக விலா எலும்பின் கீழே ஒரு சாண் நீளம் கீறி, பத்து நாள் படுக்க வைத்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். இன்றோ விரல் நுழையாத துளைகள் நான்கு. மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீடு திரும்பலாம். காயம் சிறுத்தால் ஆபத்தும் சிறுத்துவிட்டது என்று மனம் கணக்குப் போடுகிறது. தோலைப் பொறுத்தவரை அக்கணக்கு சரி. வயிற்றுக்குள்ளும் மார்புக்குள்ளும் நடப்பது வேறு. அதைப் பற்றி உங்களோடு சற்று விரிவாகப் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஏனெனில் அங்கே நடப்பதன் ஒரு பங்கு, முந்தைய நாள் நீங்கள் எங்களிடம் சொல்லும் பதிலில் இருக்கிறது.

ஜெர்மனியில் எரிக் மியூஹே என்ற மருத்துவர் 1985இல் முதன்முதலாகத் துளை வழியே பித்தப்பையை அகற்றினார். தொடக்கத்தில் அவரைப் பாராட்டியவர்களை விட ஏளனம் செய்தவர்களே அதிகம். இந்தியாவில் 1990இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா அதைச் செய்தார். நம் மாநிலத்தில் கோயம்புத்தூர் டாக்டர் சி. பழனிவேலு 1990களின் தொடக்கத்திலேயே இம்முறையைக் கையிலெடுத்துப் பரப்பினார். மாநகரங்களில் மட்டும் இருந்த இந்த வசதி பிறகு படிப்படியாக நம் கரிசல் காட்டு ஊர்கள் வரை வந்து சேர்ந்துவிட்டது. இப்போது சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கத்து மக்கள் இதற்காக மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

வயிறு என்பது காலியான அறை அன்று. குடலும் ஈரலும் இடைவெளியின்றி நெருக்கியடித்துக் கிடக்கும் பெட்டி. அதற்குள் கேமராவை விட்டால் எதுவும் தெரியாது. ஆகவே முதல் துளையின் வழியே கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் எழுப்புகிறார்கள். அந்த வாயு தீப்பற்றாது. இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். அதனால்தான் அதைத் தேர்ந்தார்கள். வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை ஏற்றுவார்கள். 15 மில்லிமீட்டர் என்பதைத் தண்ணீரில் அளந்தால் 20 சென்டிமீட்டர் உயரம். ஏறத்தாழ ஒரு சாண் தண்ணீர் வயிற்றின் எல்லாப் பக்கமும் நின்று அழுத்துவது போன்றது. இந்த அழுத்தம் மேலே உதரவிதானத்தைத் தள்ளுகிறது; நுரையீரலின் அடிப்பகுதி நசுங்குகிறது. பின்னே முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய சிரையை அமுக்குகிறது. கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் இதயத்துக்கு இரத்தம் திரும்பி வரும் பெருவழி அதுதான்.

இந்த நேரத்தில் நோயாளி தானாக மூச்சு விடுவதில்லை. தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருப்போம். தொண்டை வழியே குழாய் செலுத்தி, வென்டிலேட்டர் இயந்திரம் அவருக்காகச் சுவாசிக்கும். “இயந்திரம்தான் மூச்சு விடுகிறதே, பிறகென்ன கவலை?” என்று கேட்பீர்கள். கவலையே அங்குதான் தொடங்குகிறது.

இதை எழுதும் நீங்களும் நானும், அதாவது எழுதும் நானும் படிக்கும் நீங்களும், வல்ல அல்லாஹ் படைத்தபடி சுவாசிக்கும்போது மார்புக்கூடு விரிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, காற்று இழுக்கப்படுகிறது. அதே இழுப்பில் இரத்தமும் சிரைகளிலிருந்து இதயத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. ஒரே செயலில் இரண்டு வேலை, மாஷா அல்லாஹ்! இயந்திரத்துக்கு இந்த நுட்பம் வராது. அது காற்றை உள்ளே தள்ளத்தான் செய்யும். தள்ளும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறுகிறது. திரும்பி வரும் இரத்தத்துக்கு எதிரே கதவு பாதி சாத்தப்படுகிறது. நுரையீரல் அளவுக்கு மீறி ஊதினால், அதனுள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நசுங்கி, இதயத்தின் வலப்பக்கம் திணற வேண்டியிருக்கும்.

மூச்சையும் இரத்தத்தையும் இப்படிப் பிரிக்க முடியாதபடி பிணைத்து வைத்திருக்கும் இடம் நுரையீரல். இதை முதலில் எழுதி வைத்தவர் யார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டமாஸ்கஸ் பகுதியில் 1213இல் பிறந்து, கெய்ரோவில் மருத்துவராக வாழ்ந்து 1288இல் மறைந்த இப்னு அன்-நஃபீஸ் (ரஹ்) அவர்களே அவர். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் வலமிருந்து இடம் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் சொன்னதை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகம் நம்பி வந்தது. இப்னு சீனாவின் உடற்கூற்றியலுக்கு 1242இல் எழுதிய உரையில் இப்னு அன்-நஃபீஸ் அதை மறுத்தார். அப்படி ஒரு துளையே இல்லை. இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பிறகே இதயத்தின் இடப்பக்கம் சேர்கிறது என்றார். ஐரோப்பாவில் வில்லியம் ஹார்வியின் நூல் வந்தது 1628இல். நம்மவருடைய ஏட்டுப் பிரதியோ பெர்லின் நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து, 1924இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவியின் கண்ணில் பட்ட பிறகே உலகம் அறிந்தது.

மீலாது மேடைகளில் இப்னு சீனா, அர்ராஸி என்று பட்டியலிட்டுப் பெருமைப்படுகிறோம். நல்லதுதான். ஆனால் அவர்கள் நோயாளியிடம் கேட்ட கேள்விகளை இன்று நாங்கள் கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்!

இயந்திர மூச்சு இதயத்தை எவ்வளவு பாதிக்கிறது என்பதை மனிதர்களிடம் அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் ஆந்த்ரே கூர்னான். நியூயார்க்கில் அவரும் சக மருத்துவர்களும் இதயத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அளந்து, 1948இல் ஆய்வை வெளியிட்டார்கள். மூச்சுக் காற்றின் சராசரி அழுத்தம் ஏற ஏற, இதயம் வெளியேற்றும் இரத்தம் குறைந்தது. காற்று வெளியேறும் நேரத்தில் அழுத்தம் சுழியத்துக்கு இறங்கி, அதற்குப் போதிய அவகாசமும் கிடைத்தால், இதயம் இழந்ததை ஈடுகட்டிக்கொண்டது. இதயத்துக்குள் குழாய் செலுத்தும் முறைக்காக அவருக்கும் வேறு இருவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே உங்களுக்கு ஒரு சிறு கணக்கைக் காட்ட விரும்புகிறேன். இரத்த அழுத்தம் 120 என்று சொல்கிறோமே, அது இதயத்திலிருந்து வெளியேறும் பக்கம். திரும்பி வரும் பக்கத்தில் இரத்தத்தைத் தள்ளிவிடும் அழுத்தம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் மட்டுமே. தண்ணீரில் கணக்கிட்டால் பத்து சென்டிமீட்டர் கூட நிறையாது. அந்தச் சிறிய உந்துதலில்தான் உடல் முழுவதும் உள்ள இரத்தம் இதயத்துக்கு மீள்கிறது.

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் பெருகி நிற்கும்போது, வாய்க்காலில் யாரோ நாலு விரல் உயரத்துக்கு மண்ணைப் போட்டாலும் தண்ணீர் அதன் மேலேறி வயலுக்குப் போய்விடும். மாசி பங்குனியில் மடை மட்டத்துக்குத் தண்ணீர் இறங்கிவிட்டதென்றால், அதே நாலு விரல் மண் போதும், வயல் காய்ந்து போகும். மண்ணின் உயரம் மாறவில்லை. மாறியது கண்மாயின் இருப்பு. வென்டிலேட்டரில் நாங்கள் வைக்கும் அழுத்தம் அந்த மண். உங்கள் உடலில் உள்ள நீர்தான் கண்மாய்.

அப்படியானால் அழுத்தமே வைக்காமல் விட்டுவிடலாமே என்று தோன்றும். அதுவும் முடியாது. மயக்கத்தில் இருக்கும்போதே நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் சுருங்கத் தொடங்கும். வயிற்றில் நிரப்பிய வாயு வேறு கீழிருந்து தள்ளுகிறது. சுருங்கிய அறைகள் ஒட்டிக்கொண்டால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். ஆகவே மூச்சு வெளியேறிய பின்னும் சிறிதளவு காற்றழுத்தம் உள்ளே தங்கும்படி இயந்திரத்தைத் திருப்பி வைப்போம். இதை எங்கள் பேச்சில் ‘பீப்’ என்போம். வழக்கமாக 5 சென்டிமீட்டர் நீர் அழுத்தம். அதில் பாதியளவு மார்புக்கூட்டுக்குள் கடக்கும் என்று கொள்ளலாம். வயிற்றை ஊதியிருக்கும்போது மார்புச் சுவர் இறுகிவிடுவதால் இன்னும் கூடுதலாகவே கடக்கும். பத்து சென்டிமீட்டர் கூட இல்லாத உந்துதலுக்கு எதிரே இதை வைத்துப் பாருங்கள், நான் ஏன் கவலைப்படுகிறேன் என்பது விளங்கும்.

அதிக அழுத்தம் நல்லதா, குறைந்த அழுத்தம் நல்லதா என்று மருத்துவ உலகம் பல ஆண்டுகள் வாதாடியது. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைகளில் 900 நோயாளிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2014இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு 12 சென்டிமீட்டர், மற்றப் பிரிவினருக்கு 2 அல்லது அதற்கும் குறைவு. பிற்பாடு ஏற்படும் நுரையீரல் சிக்கல்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அறுவையின்போது இரத்த அழுத்தம் விழுந்தது, அதிக அழுத்தம் பெற்றவர்களில்தான் கூடுதல். உடல் பருமன் மிக்க ஏறத்தாழ 2000 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் 12 சென்டிமீட்டரையும் 4 சென்டிமீட்டரையும் ஒப்பிட்டார்கள். அதிக அழுத்தம் வைத்தவர்களுக்கு ஆக்சிஜன் குறைவது அரிதாயிற்று. இரத்த அழுத்தம் விழுவதோ மிகுதியாயிற்று. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்கிறது இந்த இயந்திரம்! எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் இதில் கிடையாது. நோயாளியின் மூச்சு எப்படி, இதயம் எப்படி, உடலில் நீர் எவ்வளவு என்று அறிந்து, ஒவ்வொருவருக்கும் தனியாக வைத்து, அறுவை நடக்கும்போதே கூட்டியும் குறைத்தும் போக வேண்டிய எண் அது.

நம் சகோதரி ஒருவரின் நிலையைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். வயது நாற்பதைத் தாண்டியவர், பித்தப்பையில் கற்கள். முந்தைய மாலை நான் கேள்விகளைக் கேட்டபோது பதில்கள் எல்லாவற்றையும் கணவரே சொன்னார். “நல்லாச் சாப்பிடுறா, தண்ணி குடிக்கிறா, ஒரு குறையும் இல்லை.” அந்தச் சகோதரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தலையசைத்தார். மறுநாள் காலை மயக்கம் கொடுத்தபோது இரத்த அழுத்தம் சற்று இறங்கியது. அது எல்லோருக்கும் இறங்குவதுதான். வாயுவை ஏற்றினார்கள். பித்தப்பை தெரிவதற்காகக் கட்டிலைத் தலைப்பக்கம் உயர்த்தினார்கள். உயர்த்தினால் இரத்தம் கால்களில் தேங்கும். அடுத்த நிமிடம் 105இல் இருந்த அழுத்தம் 65க்கு வந்துவிட்டது.

“வாயுவை விடுங்கள்” என்று அறுவை மருத்துவரிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டார். அத்தகையவரோடு பணிபுரிவது ஒரு பாக்கியம். கட்டிலைச் சமமாக்கினோம். பீப் அழுத்தத்தைச் சுழியத்துக்கு இறக்கினேன். சலைன் வேகமாக ஏறியது. இரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தும் ஒரு சிறு அளவு கொடுத்தோம். மூன்று நான்கு நிமிடங்களில் அழுத்தம் நூறைக் கடந்தது. பிறகு 10 மில்லிமீட்டர் வாயுவோடு, கட்டிலை அதிகம் சாய்க்காமல், மெதுவாக முடித்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் நலமாக எழுந்தார்.

மாலையில் தனியே பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இது. அது ஷவ்வால் மாதம். ஆறு நோன்பில் மூன்றை முடித்திருந்தார். மூன்றாவது நோன்பு, அறுவைக்கு முந்தைய நாள்தான். நோன்பு திறக்கும்போது கொஞ்சம் கஞ்சி, அரைத் தம்ளர் தண்ணீர். அதற்கு மேல் ஏன் குடிக்கவில்லை என்றேன். “ஆஸ்பத்திரியில ஆம்பளைங்க நடமாடுற இடத்தைத் தாண்டித்தான் கக்கூசுக்குப் போகணும் டாக்டரம்மா, ராத்திரி யாரை எழுப்புறது?” என்றார். கணவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை, அறியாமல் சொன்னார்.

தாய்மார்களே! இந்தப் பதில் எனக்குப் புதிதன்று. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் பெண்கள் பலர் என்னிடம் இதையே வேறு சொற்களில் சொல்லியிருக்கிறார்கள். காலையில் உள்ளே போனால் மாலை வரை ஒதுங்க இடமில்லை அல்லது இருக்கும் இடம் நுழையத் தக்கதாக இல்லை. ஆகவே தண்ணீரைக் குறைத்துப் பழகிக்கொண்டோம் என்பார்கள். வெயிலில் பருத்தி எடுக்கவும் மிளகாய் பறிக்கவும் போகிறவர்களும் அப்படியே. நம் வீட்டுப் பெண்கள் கடைத்தெருவுக்கும் கலியாண வீட்டுக்கும் போகும் நாட்களில் அதே கட்டுப்பாட்டைத் தாமே விதித்துக்கொள்கிறார்கள். பல ஆண்டுப் பழக்கத்தில் தாகம் என்ற உணர்வே மங்கிவிடுகிறது. இப்படி நீர் குறைந்த உடலோடு வந்து படுத்தால், பிறர் தாங்கும் வாயு அழுத்தத்தையும் இயந்திர அழுத்தத்தையும் இவரால் தாங்க முடிவதில்லை. மடை மட்டத்துக்கு இறங்கிய கண்மாய் என்று நான் சொன்னது இதைத்தான்.

ஆகவே ஆண்களுக்கு என் வேண்டுகோள்: மயக்க மருந்து மருத்துவர் உங்கள் மனைவியிடமோ தாயாரிடமோ மகளிடமோ கேள்வி கேட்கும்போது ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் கேளுங்கள், தவறில்லை. பெண் மருத்துவர் இல்லாத இடத்தில் ஒரு செவிலியரை உடன் வைத்துக்கொண்டாவது அவரே வாய் திறந்து சொல்லட்டும்.

நோன்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். மார்க்கச் சட்டம் கூற நான் ஆலிமா அல்ல. ஆயினும் நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகையை ரப்புல் ஆலமீன் தன் திருமறையிலேயே வழங்கியிருக்கிறான் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஷவ்வால் நோன்பைப் பெருநாள் தவிர அம்மாதத்தின் எந்த நாளிலும் வைக்கலாம். கழா நோன்புக்கும் அவகாசம் உண்டு. அறுவைக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களை விட்டுவிடுவது பற்றி உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். எதைச் செய்திருந்தாலும் எங்களிடம் மறைக்காதீர்கள். நோன்பு வைத்ததற்காக உங்களைக் கடிந்துகொள்ளும் மருத்துவரை விட, அறிந்துகொண்டு ஒரு பாட்டில் சலைனைக் கூடுதலாக ஏற்றிவிட்டுத் தொடங்கும் மருத்துவரே அதிகம்.

இன்னொரு பழக்கம், “ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பச்சைத் தண்ணி பல்லில் படக்கூடாது” என்பது. வயிற்றில் உள்ளது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட கட்டுப்பாடு அது. காரணம் சரி, கால அளவு மிகை. திட்டமிட்டுச் செய்யும் அறுவைகளில், வேறு நோய்கள் இல்லாதவர்கள் வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. இலேசான உணவுக்கு ஆறு மணி நேரம். பிரியாணி போன்ற கொழுப்புணவுக்கு எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ. பால் கலந்த தேநீர் தண்ணீர் அன்று, உணவு. ஒன்பது மணிக்கு அறுவை என்றால், சுபுஹு தொழுகைக்கு எழும்போது ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கலாமா என்று முந்தைய நாளே கேளுங்கள். பலருக்கு “குடியுங்கள்” என்ற பதிலே கிடைக்கும். கர்ப்பிணிகள், குடல் அடைப்பு உள்ளவர்கள், நெடுநாள் சர்க்கரை நோயாளிகள், அடிக்கடி நெஞ்சில் புளித்து எதுக்களிப்பவர்கள் ஆகியோருக்கு விதி வேறு. எனவே கேட்காமல் தாமாகக் குடித்துவிடவும் வேண்டாம்.

ஆண்கள் மறைப்பது வேறொன்று. ஹஜ்ஜை நிறைவேற்றிய ஒரு பெரியவர் குடலிறக்கத்துக்காக வந்தார். பீடி, சிகரெட் உண்டா என்றேன். பக்கத்தில் மகனும் மருமகளும் நிற்கிறார்கள். “அஸ்தஃபிருல்லாஹ்! அந்தப் பக்கமே போறதில்லை” என்றார். வயிற்றில் ஏற்றிய கரியமில வாயு இரத்தத்தில் கலப்பதால், அதை வெளியேற்ற இயந்திரத்தின் மூச்சு எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். கூட்டினேன். பீடிப் புகையில் பழுதான நுரையீரலோ காற்றை உள்ளே வாங்கும் வேகத்தில் வெளியே விடாது. ஒரு மூச்சு முழுதும் வெளியேறு முன் அடுத்த மூச்சு. சிறிது சிறிதாகக் காற்று உள்ளே தேங்கி, நான் வைக்காத ஓர் அழுத்தம் மார்புக்குள் தானே உருவாகிவிட்டது. இரத்த அழுத்தம் சரிந்தது. காற்று வெளியேறும் கோடு அடுத்த மூச்சு வரும்வரை இறங்காமலே நிற்பதைத் திரையில் பார்த்து, குழாயை இயந்திரத்திலிருந்து சில நொடிகள் கழற்றினேன். பந்தில் காற்று இறங்குவது போல் ஒரு நெடிய ஓசை! அழுத்தம் உடனே ஏறத் தொடங்கிற்று. பிறகு மூச்சு எண்ணிக்கையைக் குறைத்து, வெளிவிடும் நேரத்தை நீட்டி, கரியமில வாயு சற்றுக் கூடுதலாக இருப்பதைப் பொறுத்துக்கொண்டு முடித்தோம்.

மறுநாள் மகன் வெளியே போன சமயம் பார்த்து, “நாற்பது வருசமா தினம் ஒரு கட்டு, தாயி. வீட்டுக்குத் தெரியாது” என்றார். வீட்டுக்குத் தெரியாமலா இருக்கும்? ஜிப்பாவின் வாசனை சொல்லிவிடுமே! அந்த வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்டே தெரியாததுபோல் நடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதே என் எண்ணம். பீடி குடித்தவரை நான் ஜமாஅத்தில் நிறுத்தி விசாரிக்கப் போவதில்லை. இயந்திரத்தில் மூச்சு எண்ணிக்கையை எவ்வளவு வைப்பது என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறேன். ஆஸ்துமாவும் அப்படியே, பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அதை மறைக்கும் பழக்கம், பித்தப்பை அறுவைக்கு வரும்போதும் தொடர்ந்து வந்துவிடுகிறது.

மாத்திரைகளைப் பற்றி. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளை, குறிப்பாக எனலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் வகைகளை, அறுவை நாளன்று காலையில் நிறுத்தும்படி பல மருத்துவர்கள் சொல்வார்கள். அவை மயக்கத்தில் அழுத்தத்தை மேலும் இறக்கிவிடக்கூடும். அட்டெனலால், மெட்டோப்ரொலால் போன்றவற்றையோ திடீரென்று நிறுத்தவே கூடாது. பெயர்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை, பாதி தீர்ந்தவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நாட்டு மருந்து லேகியம் இருந்தால் அதையும்.

அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, தோள்பட்டை வலியைப் பற்றியவை. வயிற்றில் துளை, வலியோ வலத்தோளில்! இதயக் கோளாறோ என்று சிலர், கண்ணேறு என்று சிலர். உள்ளே மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. உதரவிதானத்துக்கும் தோளுக்கும் செல்லும் நரம்புகளின் வேர் கழுத்தில் ஒன்றாயிருப்பதால் வலி அங்கே தெரிகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் அடங்கிவிடும். மெல்ல நடந்தால் விரைவில் குறையும். சஜ்தா செய்யும்போது கூடுகிறது என்றால், தாங்கும் வரை நாற்காலியில் அமர்ந்து தொழுதுகொள்ளலாம். மூச்சுத் திணறல், நடு நெஞ்சில் அழுத்தும் வலி, குளிர் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம் என்று ஏதேனும் கூட வந்தால், மறுநாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.